நொய்யலுக்கு மட்டும் ஏன் இத்தனை வருடம்?

உங்களில் பலர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளிலும் பையர் ஆபீஸ்களிலும் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் தொழிலின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1994-இல் ஜெர்மனி, புற்றுநோய்க்குக் காரணமாகும் சில அசோ சாயங்களை உடுத்தும் துணியில் தடை செய்தது. சட்டம் அங்கே, மாற்றம் இங்கே! பையர்கள் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். சான்று இல்லையென்றால் ஆர்டர் இல்லை. சில வருடங்களிலேயே ஏற்றுமதித் துணியில் அந்தச் சாயங்கள் நின்றுபோயின. 1997-இல் நம் அரசும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது.

அதே காலத்தில் நொய்யல் என்ன ஆயிற்று? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. தேங்கியதோ சாயக்கழிவு. தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அணை அது. பாசனம் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு இதைவிட வேதனை வேண்டுமா?

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். சாயம் துணியோடு கப்பலேறிப் போகும். உப்பு தண்ணீரோடு இங்கேயே தங்கும். ஜெர்மன்காரர் உடம்பில் படுவதைப் பையர் கேட்டார். ஆற்றில் கலந்ததை அவர் அன்று கேட்கவில்லை.

விலையைப் பாருங்கள். பையர் ஒரு பீஸுக்கு இவ்வளவுதான் என்பார். ஏற்றுமதியாளர் அதைச் சாயப்பட்டறையின் கிலோ கூலியில் குறைப்பார். பையருக்கு வங்கதேசம் இருந்தது, ஏற்றுமதியாளருக்கு அடுத்த தெருவில் வேறு பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் யாரிடம் குறைப்பார்? (இரவோடு இரவாகக் கழிவைத் திறந்து விட்டவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

பிறகுதான் தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் முறை நிலைத்தது. செலவு பட்டறைக்காரர் தலையிலும், வட்டியில்லாக் கடன் கொடுத்த தமிழக அரசின் தலையிலும் விழுந்தது. அதற்கு முன்பே நிலத்தையும் கிணற்றையும் இழந்தவர் விவசாயி.

இன்று அதே பையர்கள் தண்ணீர்க் கணக்கு கேட்டுப் படிவம் அனுப்புகிறார்களாம். நல்லதுதான். பையர் ஆபீஸில் இருக்கும் பிள்ளைகள் சொல்லுங்கள், படிவத்தோடு விலையும் கூடுகிறதா?