தொழுத திசையும் வாழ்ந்த மண்ணும்

தாயகம் என்னும் சொல்லில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பிறந்து வளர்ந்த மண்; மற்றொன்று, முன்னோர் வாழ்ந்ததாக மரபு சொல்லும் மண். பெரும்பாலான மக்களுக்கு இவ்விரண்டும் ஒன்றே. ஆதலின் அவர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. யூதர்க்கு அவ்வாறன்று. ஒரு நாட்டில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்துகொண்டே மற்றொரு நாட்டை நோக்கித் தொழுத மக்கள் அவர்கள். தொழுத நாட்டிற்கே வந்து சேர்ந்தபின் அந்நாடு அவர்களுக்கு எவ்வாறு உரியதாயிற்று? இவ்வினாவிற்குக் கொச்சி யூதரின் வரலாறும், அவர்களுள் ஒருவரான ரூபி டேனியல் என்னும் பெண்மணியின் வாழ்வும் ஒரு விடையைத் தருகின்றன.

செப்பேட்டுக் குடிமக்கள்

சேர நாட்டுக் கரையில் யூதர் வந்திறங்கிய காலத்தை அவர்தம் மரபுக்கதைகள் பலவாறு கூறும். சாலமன் அரசன் காலத்து வணிகத்தோடு இணைப்பன சில, கி.பி. 70இல் எருசலேம் திருக்கோயில் அழிந்த நிகழ்வோடு இணைப்பன சில. ஐயத்திற்கு இடமின்றிக் கிடைக்கும் சான்று ஒரு செப்பேடு. கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தருளி, ஈசுப்பு இறப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அதனை வழங்கினான். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரே சேர நாட்டார் நாவில் ஈசுப்பு ஆயிற்று. முயிரிக்கோட்டைச் சங்கப் புலவர் பாடிய முசிறியோடு இணைத்துக் காண்பர் அறிஞர்.

செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. இடையிடையே கிரந்தம் கலந்துள்ளது. மொழியோ, தமிழ் கற்றோர் பெரு முயற்சியின்றிப் பொருள் உணரத்தக்கது. பகல்விளக்கு, நடப்பதற்கு விரிக்கும் பாவாடை, குடை, பறை, காளம், தோரணம் முதலானவை உட்பட 72 உரிமைகள் அதில் வழங்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் பேறும் அவற்றோடு சேர்ந்தது. பிற நாடுகள் பலவற்றில் துரத்தப்பட்ட ஓரினத்தார், இங்கு மன்னன் கொடுத்த சிறப்புகளோடு வாழ்ந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மேற்கு நோக்கிய பேழை

மண் இவ்வாறு இடம் தந்தபோதும் மனம் வேறோர் ஊரை மறக்கவில்லை. கொச்சி, எறணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் இருபதாம் நூற்றாண்டில் எட்டு யூதப் பள்ளிகள் இருந்தன. இவற்றுள் 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி பெரிதும் அறியப்பட்டது. தோராச் சுருள்களை வைக்கும் பேழை இப்பள்ளிகளில் மேற்குத் திசையில் அமைந்திருந்தது. எருசலேம் அங்கிருந்து மேற்கே உள்ளது என்பதே காரணம். கடலுக்கு அப்பால் உள்ள அந்நகருக்குத் திரும்பும் நாளை வேண்டியே ஆண்டுதோறும் பாஸ்கா விழா நிறைவுற்றது.

தொழுகையின் மொழி எபிரேயம். வீட்டின் மொழி மலையாளம். பெண்கள் விவிலியக் கதைகளையும், திருமண வாழ்த்துகளையும், பள்ளிகள் எழுந்த வரலாற்றையும் மலையாளத்தில் பாடினர். அப்பாடல்களைக் கையெழுத்துச் சுவடிகளில் எழுதி வைத்துத் தாயிடமிருந்து மகளுக்கெனக் காத்தனர். சங்க காலம் முதல் தமிழ்ப் பாட்டில் வாழும் கிளி அப்பாடல்களிலும் வந்து அமர்ந்திருக்கிறது.

இச்சுவடிகளுக்கு நடுவே 1912இல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர் ரூபி டேனியல். எறணாகுளத்தில் கல்வி பயின்றார். நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண்களுக்கான கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். அக்காலப் பெண்ணுக்கு இவை எளிதில் வாய்க்கும் பேறுகள் அல்ல.

எனினும் பிறந்த மண்ணிலும் அவர்க்கு முழு உரிமை இருந்ததில்லை. அம்மறுப்பு அரசனிடமிருந்து வரவில்லை; சொந்தச் சமயத்தாரிடமிருந்தே வந்தது. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் வழியினர் எனச் சில குடும்பங்களைப் பரதேசி யூதர் ஒதுக்கி வைத்தனர். அவர்களுக்குப் பள்ளியில் சமமான இடமும், மண உறவும் மறுக்கப்பட்டன. ரூபியின் குடும்பமும் அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒன்று. அதே பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967), காந்தியடிகளின் வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி அத்தடைகளைத் தளர்த்தினார். ஆகவே கொச்சியை இழந்த சொர்க்கமாகவும், எருசலேமைப் பெற்ற சொர்க்கமாகவும் எழுதிவிடுவது வரலாற்றிற்குப் பொருந்தாது.

ஏற்றம் என்னும் சொல்

முன்னோர் நாட்டிற்குத் திரும்புவதை எபிரேய மொழியில் ‘அலியா’ என்பர். ‘ஏற்றம்’ என்பது அதன் பொருள். 1948இல் இஸ்ரேல் என்னும் அரசு தோன்றியது. 1950இல் யூதர் எவரும் அங்கு வந்து குடியேறலாம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது கேரளத்தில் ஏறத்தாழ 2,400 யூதர் இருந்தனர். பலர் வீட்டையும் பொருளையும் விற்றுவிட்டுப் பயணத்திற்குக் காத்திருந்தனர். கொச்சிப் பகுதியில் பரவியிருந்த யானைக்கால் நோய் தங்கள் நாட்டிற்குள் வந்துவிடும் என அஞ்சிய இஸ்ரேல் நலத்துறையினர் அவர்களின் வருகையைத் தாமதப்படுத்தினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேண்டிய நாடு, வாயிலில் நிறுத்தி உடல்நலம் கேட்டது. பெரும்பாலோர் 1953க்குப் பின்னரே செல்ல முடிந்தது.

ரூபி டேனியல் 1951இலேயே சென்றுவிட்டார். வட எல்லையை ஒட்டிய மேல் கலிலேயாவில், நெயோத் மொர்தெகாய் என்னும் கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணையில், அவர் வாழ்வு அமைந்தது. அப்பண்ணையை 1946இல் நிறுவியோர் நடு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். சமய ஒழுக்கங்களைப் பெரிதாகப் போற்றாதவர்கள். ஓய்வுநாள் விதிகளையும் உணவு விதிகளையும் உயிரெனக் காத்த கொச்சி வீட்டிலிருந்து வந்தவர்க்கு, யூதர் நாட்டில் வாழும் யூதரே புதியவர்களாகத் தோன்றியிருப்பர் என்பதை உணர்தல் கடினமன்று.

பின்னர் வந்தோர்க்கு வேறு சோதனைகள். பலர் நெகேவ் பாலைநிலத்தில் உள்ள நெவாதிம் என்னும் சிற்றூரில் 1954இல் குடியமர்த்தப்பட்டனர். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும்; நெவாதிமை அடுத்த பெயேர்செபாவில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டரே. கடைகளிலும் படகுத்துறைகளிலும் பிழைத்தோர் வறண்ட நிலத்தில் உழவு கற்றனர். காலப்போக்கில் அவ்வூரில் பசுமைக்குடில்கள் எழுந்தன, மலர்கள் விளைந்தன.

இரண்டு மாற்றங்கள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. கொச்சியில் இவர்களை ஊரார் ‘யூதர்’ என்று அழைத்தனர். யூதர் நாட்டிலோ இவர்கள் ‘கொச்சிக்காரர்’ ஆயினர். விட்டு வந்த ஊரே அவர்களின் அடையாளப் பெயராயிற்று. மற்றொன்று, தொழும் திசை. கேரளத்தில் அனைவர்க்கும் அது மேற்கு. கலிலேயாவில் இருப்பவர்க்கு எருசலேம் தெற்கே உள்ளது. நெவாதிமில் இருப்பவர்க்கு வடக்கே உள்ளது. ஒரே திசையை நோக்கி நின்றவர்கள், தொழுத நாட்டை அடைந்தபின் வெவ்வேறு திசைகளை நோக்கி நிற்கலாயினர்.

ஒருவரின் மீட்சி மற்றொருவரின் இழப்போடு ஒரே மண்ணில் நிகழ்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. 1948ஆம் ஆண்டுப் போரையொட்டி ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீன அரபு மக்கள் ஊரிழந்து ஏதிலிகள் ஆயினர். அவர்களும் அம்மண்ணையே முன்னோர் மண் என்கின்றனர். முன்னோர் மண் என்னும் உரிமையைப் பேசும் எவரும் இவ்வுண்மையைக் கடந்து செல்ல இயலாது.

பாடல் தந்த உரிமை

இஸ்ரேலில் பிறந்த இளந்தலைமுறையின் மொழி எபிரேயம் ஆயிற்று. தாய்மாரின் மலையாளச் சுவடிகள் பிள்ளைகளால் படிக்க இயலாதவை ஆயின. அந்நிலையில் ரூபி டேனியல் தம் முதுமையில் அப்பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டார். மானிடவியல் அறிஞர் பார்பரா ஜான்சனோடு இணைந்து தம் நினைவுகளையும் எழுதினார். ‘கொச்சியின் ரூபி’ என்னும் பொருள்படும் தலைப்போடு அந்நூல் 1995இல் வெளிவந்தது. கலிலேயாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் எழுதிய அந்நூலின் பெரும்பகுதி கொச்சியைப் பற்றியது. 2002இல் அவர் மறைந்தார்.

இதனை ஏக்கம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. இஸ்ரேலை வெறுத்து அவர் கொச்சிக்குத் திரும்பிவிடவில்லை. கொச்சியை மறந்து இஸ்ரேலியராக மாறிவிடவும் இல்லை. வந்த நாட்டிற்கு அவர் கொடுக்கக்கூடிய பொருள், விட்டு வந்த நாட்டின் பாடல்களே. அவற்றைக் கொடுத்தபோது அவர் அந்நாட்டில் விருந்தினர் நிலையிலிருந்து வீட்டார் நிலைக்கு வந்தார் எனலாம். தம் மக்களின் பயணத்திற்காக உழைத்த சேலம் கொச்சியிலேயே தங்கி 1967இல் அம்மண்ணிலேயே மறைந்தார். ஒருவர் சென்றார், ஒருவர் நின்றார். இருவரில் எவரையும் தாயகம் இழந்தவர் என்று சொல்ல முடியாது.

2005இல் எருசலேமில், கொச்சி யூதப் பெண்களின் பாடல்களை மலையாள மூலத்தோடும் எபிரேய மொழிபெயர்ப்போடும் ஸ்கறியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் ஆகியோர் பதிப்பித்தனர். அத்தொகுப்பின் பெயர் ‘கார்குழலி’. தமிழர் எவர்க்கும் விளக்கம் வேண்டாத சொல் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சேர மன்னன் யூதன் ஒருவனின் பெயரை வட்டெழுத்தில் பொறித்து இம்மண்ணில் அவனுக்கு இடம் கொடுத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அவன் வழிவந்த பெண்களின் பாட்டு, இம்மண்ணின் சொல்லொன்றை எருசலேமில் அச்சேற்றி அதற்கு அங்கு இடம் கொடுத்தது.