கலைக்களஞ்சியம் எழுந்த வரலாறு

தமிழில் பல்பொருள் விளக்கும் பெருநூல் ஒன்றைத் தனி ஒருவராக முயன்று முடித்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவர் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. புராணமும் இலக்கியமும் அதன்கண் நிறைந்திருந்தன. ஆயின், நாளும் பெருகும் அறிவியலை ஒருவர் தோள் தாங்குமோ?

இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே கலைக்களஞ்சியம். தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1946ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் இப்பணியை மேற்கொண்டது. முதன்மை ஆசிரியராகப் பொறுப்பேற்றவர் கவிஞர் பெரியசாமித் தூரன். சற்றேறக்குறைய 1,200 அறிஞர்கள் கட்டுரை வழங்கினர்.

இத்தகைய நூலில் எழுதுதல் பிற்பணி, திட்டமிடுதலே முற்பணி. எப்பொருள்கள் இடம்பெற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம், எழுதத் தக்கார் யாவர் என்பன முதலில் முடிவாதல் வேண்டும். அகரவரிசையில் அமையும் நூலாதலின், முன்னெழுத்துக்குரிய கட்டுரை ஒன்று தாமதித்தால் தொகுதி முழுதும் காத்திருக்கும். துறையறிவுடையார் பலர் ஆங்கிலத்திலேயே பயின்றவர். அவர் கருத்தைத் தமிழாக்கும்போது ஒரு கலைச்சொல் ஓரிடத்தில் ஒருவாறும் பிறிதோரிடத்தில் வேறொருவாறும் வருமாயின் படிப்போர் மயங்குவர். ஆகவே, கட்டுரையைக் கேட்டுப் பெறுவதோடு பதிப்பாசிரியர் கடமை முடிவதில்லை.

முதல் தொகுதி 1954இலும், ஒன்பதாம் தொகுதி 1963இலும் வெளிவந்தன. 1968இல் பத்தாம் தொகுதி இணைப்பாக வெளிவந்தது. முதல் தொகுதி அச்சேறியபோது வானில் செயற்கைக் கோள் ஒன்றேனும் இல்லை. பத்தாவது வெளிவருமுன்னரோ மனிதனே வான்வெளி சென்று மீண்டுவிட்டான். வளரும் அறிவுக்கு இணைப்புத் தொகுதி இன்றியமையாததன்றோ! அதன் பின்னரும் தூரன் ஓய்ந்தாரல்லர். சிறுவர்க்கெனக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக உருவாக்கித் தந்தார்.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கும் இவ்வரலாறு ஒரு பாடம். நம் சங்கத்து மலருக்கு, விழா நெருங்கும் வேளையில் வந்த கட்டுரைகளைக் கோத்து அச்சிடுவது நம் வழக்கம். இந்நகரில் தமிழர் குடியேறிய கதையை எழுதுமாறு நாம் எவரையும் கேட்டதில்லை. அதனை நேரில் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பொருளை வகுத்து, உரியாரை நாடி, இன்றே கேட்போமாக. கேளாது விட்ட கட்டுரையைப் பின்னர் எந்த இணைப்புத் தொகுதியாலும் ஈடு செய்தல் இயலாது.