பழைய சட்டகத்தில் பிறந்த மலை மிதிவண்டி

பழைய பொருள் ஒன்று நம் கைக்கு வந்தால் அதை இரண்டு வழிகளில் சீராக்கலாம். முதன்முதலில் இருந்த உருவத்துக்கே கொண்டுவருவது புதுப்பித்தல். அன்று இல்லாத திறனைச் சேர்ப்பது மேம்படுத்தல். இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா? மோதும் என்பதற்கு மலை மிதிவண்டியின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு. இன்று பலர் ஆர்வத்தோடு புதுப்பிக்கும் இவ்வண்டி, பழைய சட்டகங்களை மேம்படுத்தியதால்தான் பிறந்தது!

செய்தித்தாள் போட்ட வண்டி

1933இல் சிகாகோவின் ஷ்வின் நிறுவனம், ஏறத்தாழ 5 செ.மீ. அகலமுள்ள பருத்த டயர்களைக் கொண்ட மிதிவண்டியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறுவர்கள் அதில் ஏறி வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார்கள். இவ்வகையில் எக்செல்ஷியர் என்ற வண்டியும் ஒன்று. கனமான எஃகுச் சட்டகம், கியர் கிடையாது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். காலப்போக்கில் இவ்வண்டிகள் பழைய இரும்பாகிவிட்டன.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் டாமல்பையஸ் என்ற மலை இருக்கிறது. 1970களில் அப்பகுதி இளைஞர்கள் இப்பழைய வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்பாதைகளில் இறங்கினார்கள். பருத்த டயர் கல்லையும் பள்ளத்தையும் தாங்கியது. முன்கவை சற்றுச் சாய்வாக அமைந்திருந்ததால் வேகத்திலும் வண்டி தடுமாறவில்லை. செய்தித்தாள் சுமக்கச் செய்த வடிவம் மலைச்சரிவுக்கும் பொருந்திவிட்டது.

புகைந்த பிரேக்

1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் முதல் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் சுமார் 3.4 கி.மீ.; இறக்கம் சுமார் 400 மீட்டர். அப்பாதைக்கு ரீபேக் என்று பெயர். மீண்டும் அடைத்தல் என்பது இதன் பொருள். எதை அடைத்தார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கி.கி. என்று கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 90 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஜூல். இதில் மூன்றில் ஒரு பங்குதான் பிரேக்குக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. ஒரு கிலோ எஃகின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 460 ஜூல் போதும். சக்கரக் குடத்தின் எடை ஒரு கிலோ என்றால், அது 250 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும்! கொஞ்சம் வெப்பத்தைக் காற்று கொண்டுபோனாலும், குடத்துக்குள் இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்தது. பெயரின் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

மேம்பாடு இங்கேதான் தொடங்கியது. 1974 டிசம்பரில் அருகிலுள்ள மில் வேலியில் நடந்த ஒரு போட்டிக்குக் கூப்பர்டினோ ஊரைச் சேர்ந்த குழுவினர் வந்திருந்தார்கள். அவர்கள் பருத்த டயர் வண்டிகளில் கியர் பொருத்தியிருந்ததை மரின் இளைஞர்கள் கவனித்தார்கள். கேரி ஃபிஷர் தம் எக்செல்ஷியர் சட்டகத்தில் கியர்களையும், டிரம் பிரேக்கையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் பொருத்தினார். இப்போது வண்டி மலையில் இறங்கியதோடு நில்லாமல் ஏறவும் செய்தது.

ஆனால் பழைய சட்டகங்கள் எத்தனை நாள் தாங்கும்? அவை வளைந்தன, விரிசல் விட்டன. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் எக்செல்ஷியரின் கோணங்களை அடிப்படையாகக் கொண்டு, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகுக் குழாய்களால் புதிய சட்டகம் ஒன்றைச் செய்தார். மலைக்கென்றே செய்யப்பட்ட அந்த முதல் வண்டி பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் விற்பனையைத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் தயாராகி வந்தது. செய்தித்தாள் வண்டி உலகம் சுற்றப் புறப்பட்டுவிட்டது.

உலோகம் சொல்லும் நிபந்தனைகள்

1980களின் எஃகுச் சட்டகங்களை இன்று பலர் மீட்டெடுக்கிறார்கள். அவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லை, சட்டகத்துக்குள் இறுகிப்போன இருக்கைத் தண்டு. தண்டு அலுமினியம், சட்டகம் எஃகு. இரு வேறு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு ஆக்சைடாகிறது. அந்த ஆக்சைடு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் தண்டு சிக்கிக்கொள்கிறது. சூடாக்கினால் கழன்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? இரண்டும் சேர்ந்து சூடேறினால் இறுக்கம் கூடத்தான் செய்யும். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும் அல்லவா? ஆகவே தண்டைக் குளிர வைப்பதே சரியான வழி.

அடுத்தது பின்சக்கரம். பழைய சட்டகம் பலவற்றின் பின்கவையில் 130 மி.மீ. இடைவெளியே உண்டு, பின்னாளில் வந்த சக்கரங்களுக்கு 135 மி.மீ. வேண்டும். எஃகை அதன் மீள் எல்லையைத் தாண்டி, பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. வீதம் கவனமாக வளைத்தால், வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். அலுமினியச் சட்டகத்தில் இதைச் செய்யலாகாது, விரிசல் விடும். அதோடு, ஓர் அளவுக்குக் குறைந்த விசை எத்தனை இலட்சம் முறை வந்துபோனாலும் எஃகு களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. எஃகையும் துரு தின்றிருந்தால், அந்தக் குழியில் தகைவு குவிந்து விரிசல் தொடங்கும். எனவே பெயின்ட் அடிக்கும்முன் இணைப்பிடங்களை உற்றுப் பார்ப்பது உயிர் காக்கும் வேலை.

மூன்றாவது, அதிர்ச்சி தாங்கும் முன்கவையைப் பொருத்தும் ஆசை. இது பழைய முன்கவையைவிட நீளமானது. வண்டியின் முன்புறம் 2 செ.மீ. உயர்ந்தாலே, இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 105 செ.மீ. இருக்கும் வண்டியில், சட்டகம் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்சாய்கிறது. ஏற்றத்தில் கைப்பிடி அலைபாயும். நெம்புகோலின் கரம் நீள்வதால் கழுத்துக் குழாயின் இணைப்பில் விழும் விசையும் கூடும். அதற்கெனச் செய்யப்படாத சட்டகம் ஒருநாள் அங்கேயே முறியலாம்.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். 1930களில் செய்யப்பட்டு, 1976இல் மலைப்பாதையில் ஓடிய ஓர் எக்செல்ஷியர் சட்டகம் கிடைத்தால் என்ன செய்வது? பிற்காலத்தில் பற்றவைத்த தாங்கிகளை அரத்தால் ராவி எறிந்து, பளபளக்கும் பெயின்ட் பூசினால், செய்தித்தாள் வண்டி திரும்பிவிடும். ஆனால் மலை மிதிவண்டி பிறந்ததற்கான சான்று அழிந்துவிடும். அந்தக் கரடுமுரடான பற்றவைப்புத் தழும்புதான் அங்கே வரலாறு. பொருள் எப்போது பிறந்தது என்பதை மட்டுமன்றி, எப்போது முக்கியமானது என்பதையும் கேட்டறிந்த பின்பே அரத்தை எடுக்க வேண்டும்.

அதற்காக எதையும் தொடக்கூடாது என்பதில்லை. ஓட்டுவதற்குரிய வண்டியில் நல்ல பிரேக் இருந்தே ஆக வேண்டும். திருகாணியால் பொருத்தியதைப் பிறகு கழற்றிவிடலாம். வெட்டியதையும் துளைத்ததையும் திரும்பப் பெற முடியாது. கழற்றிய பகுதிகளைச் சீட்டெழுதிக் கட்டி வைத்தால், அடுத்து வருபவருக்கு உதவும்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கொல்லையிலோ பழைய மிதிவண்டி ஒன்று சாய்ந்து நிற்கலாம். உப்புத்தாளை எடுக்குமுன் அதைச் சுற்றி ஒருமுறை வாருங்கள். சட்டகத்தில் பொறித்த எண், பற்றவைத்த இடம், தேய்ந்த பெடல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் படியுங்கள், பிறகு துடையுங்கள்.