புது காரில் தப்பான இன்ஜின் ஆயில் ஊற்றிவிட்டதா சர்வீஸ் சென்டர்? இன்ஜின் என்ன ஆகும், வாரண்டி என்ன ஆகும்?

கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஷோரூமின் சொந்த சர்வீஸ் சென்டரிலேயே விட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் எடுத்துட்டு வந்திருப்பீங்க. வீட்டுக்கு வந்து பில்லை நிதானமாகப் பார்க்கும்போதுதான் அந்த ஒரு வரி கண்ணில் படும். காரோடு வந்த மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. பில்லில் இருப்பதோ 15டபிள்யூ-40. போன் போட்டுக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நம்ம ஊர் வெயிலுக்கு திக்கான ஆயில்தான் நல்லது" என்று பதில் வரும்.

உண்மையிலேயே ஒன்றும் ஆகாதா? நாளைக்கு இன்ஜினில் ஏதாவது கோளாறு வந்தால் யார் பொறுப்பு? விரிவாகப் பார்ப்போம்.

அந்த நம்பர்கள் என்ன சொல்கின்றன?

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பதெல்லாம் அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த கிரேடுகள். ஆயில் எவ்வளவு திக்காக இருக்கிறது என்பதைச் சொல்பவை. இந்தத் தன்மையைப் பாடப்புத்தகத் தமிழில் 'பாகுநிலை' என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் எந்த மெக்கானிக் ஷெட்டிலும் கேட்டதில்லை. நாமும் திக்னஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

நடுவில் இருக்கும் 'டபிள்யூ', வின்டர் அதாவது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் இன்ஜினைச் சுழற்ற ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 0 என்றால் மைனஸ் 35 டிகிரியிலும், 5 என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 15 என்றால் மைனஸ் 20 டிகிரியிலும் அந்தச் சோதனை நடக்கும். ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரியிலும் இந்த அளவுக்குக் குளிராது.

நமக்கு முக்கியம் இரண்டாவது எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் திக்னஸ். 20 கிரேடு என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 வரை. அதாவது 20 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 40 ஊற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் சூட்டில் ஆயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திக்காக இருக்கும்.

இங்கேதான் அந்த 'நம்ம ஊர் வெயில்' வாதத்தைக் கவனிக்கணும். வெளியே 25 டிகிரியோ 42 டிகிரியோ, சூடான இன்ஜினின் வெப்பநிலையை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கும். வெயில் ஏறுவதால் மட்டும் கம்பெனி சொன்ன கிரேடு தாங்காமல் போய்விடாது. ஆனால், அந்த மெக்கானிக் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஒரே இன்ஜினுக்கு ஒரு நாட்டில் ஒரே கிரேடும், இன்னொரு நாட்டில் மூன்று நான்கு கிரேடுகளும் அனுமதிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மெல்லிய ஆயிலுக்குக் கம்பெனிகள் மாறியதற்கு மைலேஜும் புகை விதிகளும் பெரிய காரணம். அதனால் உங்கள் மேனுவலில் மாற்று கிரேடு ஏதாவது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும்.

திக்கான ஆயில் போனால் என்ன, மெல்லிய ஆயில் போனால் என்ன?

20 கேட்கும் இன்ஜினில் 30 அல்லது 40 ஊற்றிவிட்டால், அன்றைக்கே இன்ஜின் சீஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மைலேஜ் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேல்பகுதி வரை போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும். இன்றைய இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் பிரஷரில்தான் இயங்குகிறது. அது மந்தமாகி, செக் இன்ஜின் விளக்கு எரியவும் வாய்ப்பு உண்டு. டொயோட்டா, அமெரிக்காவில் விற்கும் சில கார்களின் மேனுவலில், 0டபிள்யூ-16 கிடைக்காவிட்டால் 0டபிள்யூ-20 ஊற்றலாம், ஆனால் அடுத்த சர்வீஸில் மறுபடி 0டபிள்யூ-16-க்கு மாற்றிவிட வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஒரு படி வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள். 20-க்கு 40 என்பது ஒரு படி அல்ல.

ஆபத்து அதிகம் இருப்பது எதிர்ப்பக்கத்தில். 40 கேட்கும் இன்ஜினில் 20 போனால், பேரிங்குகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்துவிடும். ஃபுல் லோடில் கொடைக்கானல் மலை ஏறும்போது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டும்போது உலோகத்தோடு உலோகம் உரசும். அந்தத் தேய்மானத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

கிரேடு எவ்வளவு சீரியஸான விஷயம் என்பதற்கு 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது நல்ல உதாரணம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு ஆகியவற்றில் தயாரிப்புக் குறை இருந்ததால், 6.2 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்திய சுமார் 6 லட்சம் பிக்அப், எஸ்யூவி வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் ரீகால் செய்தது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு என்ன தீர்வு தெரியுமா? 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றுவது, ஆயில் மூடியையே புது கிரேடு எழுதிய மூடியாக மாற்றுவது, மேனுவலில் திருத்தத்தாள் வைப்பது. கிரேடை மாற்றலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது இன்ஜினைத் தயாரித்த கம்பெனி. கடையில் எந்த பேரல் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாற்றக் கூடாது.

நம்பரைவிட முக்கியமான இன்னொரு வரி

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கிரேடு சரியாக இருந்தும் ஆயில் தப்பாக இருக்கலாம். கேனின் பின்பக்கம் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 என்றெல்லாம் சின்ன எழுத்தில் இருக்குமே, அதுதான் ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்கள் எந்த மாதிரி இன்ஜினுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வது.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளணும். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துவிடும். ஆனால் இன்ஜின் ஆயில் எரிந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் இந்த கார்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி ரக ஆயில் கேட்கிறார்கள். பழைய லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 இதில் போனால், ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஃபில்டர் அடைக்கும்போது, வாரண்டி முடிந்திருக்கும். ஆயில் ஊற்றிய பில்லும் காணாமல் போயிருக்கும்.

டர்போ பெட்ரோல் கார்களில் சிக்கல் வேறு. குறைந்த ஆர்பிஎம்மில், அதிக லோடில் போகும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்பே எரிபொருள் வெடித்துவிடும் ஒரு கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அழுத்தம் வரும். ஆயிலில் உள்ள கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கட்டுப்படுத்தும் சோதனையை 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் சேர்த்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய தர ஆயில் இதில் தேறும் என்று சொல்ல முடியாது.

இன்னும் சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் நனைந்தபடிதான் ஓடும். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் அப்படிப்பட்டது. அங்கே பொருந்தாத ஆயில், பெல்ட்டின் ரப்பரையே அரித்து, உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் வாயை அடைக்கும். ஃபோக்ஸ்வாகன் ஒரு படி மேலே போய், தன் 508 00 தர ஆயிலுக்குப் பச்சை நிறமே கொடுத்துவிட்டது. மற்ற ஆயில்களை நிறத்தை வைத்து எடைபோடாதீர்கள், அது எதையும் சொல்லாது.

சர்வீஸ் சென்டரில் எப்படி மாறுகிறது?

பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. பெரிய சர்வீஸ் சென்டர்களில் ஆயில் கேனில் வராது, 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பேரலில் வரும். ஒரே கூரைக்குள் பெட்ரோல், டர்போ, டீசல் என மூன்று நான்கு பேரல் நிற்கும். ஜாப் கார்டில் மாடலைத் தப்பாகப் போட்டால் போதும். சரியான ஆயிலை ஊற்றிவிட்டு, பில்லில் மட்டும் வேறு பார்ட் நம்பர் விழுவதும் உண்டு. அதனால் முதல் போனிலேயே சண்டைக்குப் போகாமல், "ஸ்டோரில் இருந்து என் ஜாப் கார்டுக்கு எந்த ஆயில் எடுத்தீங்க?" என்று கேளுங்கள்.

தப்பான ஆயில்தான் என்று உறுதியானால்?

இன்ஜினில் போனது கியர் ஆயில், கூலன்ட் மாதிரி வேறு திரவம் என்றால், வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். டோ செய்யச் சொல்லுங்கள். கிரேடு அல்லது ரகம் மட்டும் மாறியிருந்தால், பொறுமையாக ஓட்டி சர்வீஸ் சென்டருக்கே போகலாம். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அவர்கள் செலவில் மாற்றித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஃபில்டர் முக்கியம், பழைய ஆயில் அதிலும் தங்கியிருக்கும்.

வடிக்கும்போது பக்கத்தில் நின்று, சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து வையுங்கள். ஆய்வகத்தில் அதன் திக்னஸையும், அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற தேய்மானத் துகள்களையும் அளந்து சொல்லிவிடுவார்கள்.

அடுத்ததாக, நடந்ததை எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த ஆயில் ஊற்றப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது, இதனால் வாரண்டி பாதிக்காது என்பதெல்லாம் டீலரின் மெயிலில் இருக்கணும். அதே மெயிலில் கார் கம்பெனியின் கஸ்டமர் கேரையும் சேர்த்துவிடுங்கள். வாய்வார்த்தை உறுதி, அந்த சர்வீஸ் அட்வைசர் வேலை மாறினால் கூடவே போய்விடும். இன்னொரு விஷயம், 'ஃப்ரீ சர்வீஸ்' என்பதில் வழக்கமாக லேபர் மட்டும்தான் இலவசம், ஆயிலுக்குக் காசு வாங்குவார்கள். அந்த வகையில் அது நல்லதுதான், ஆயிலின் பெயரோடு பில் உங்கள் கையில் இருக்கும்.

கம்பெனி மீது வழக்கு போடலாமா?

வாரண்டி விதிகளில், பொருந்தாத ஆயிலால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பார்கள். ஊற்றியது கம்பெனி அங்கீகரித்த டீலர் என்றால், தப்பை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் "டீலர் தனி, நாங்க தனி" என்று கம்பெனி கைவிரிக்கும். இதைச் சும்மா சாக்கு என்று நினைக்க வேண்டாம். புது மாடலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழைய மாடல் காரை ஒரு டீலர் கொடுத்த கோவா வழக்கில், டீலரின் தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காதவரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கம்பெனிக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பச் சொல்வது இதனால்தான். தெரியப்படுத்திய பிறகு, 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

டீலர் மசியவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் செய்யலாம். அதிலும் நடக்கவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'சேவைக் குறைபாடு' என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டீலர் கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். புகார் கொடுக்க உங்களுக்கு இருப்பது பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருஷம்.