45 நாள் பிறந்த கதை

நெடுமங்காட்டுப் பக்கம் மரச்சீனி போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் பாத்தி முழுக்கப் புரண்டு கிடக்கும். 2022 மே மாதம், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுவதற்கு உரிமம் உள்ள ஆள் வேண்டும். அப்படி ஒருவர், வயதான உறவினரின் இரட்டைக் குழல் துப்பாக்கியை விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஐந்து நிமிடத்தில் கைமாறும். துப்பாக்கி கைமாற 45 நாள் பொறுக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் வேர் ஆங்கிலேயரின் அச்சத்தில் இருக்கிறது. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி அடங்கியதும் திருவிதாங்கூர் நாயர் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அதே அச்சம் நாடு முழுவதும் பரவியது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டமே, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஆயுதத்தை விற்றவர், விற்ற பிறகு தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்தால் போதும் என்றது.

சுதந்திர இந்தியா 1959-ல் தன் சட்டத்தை எழுதியது. 1983 திருத்தம்தான் வரிசையைத் திருப்பியது. யாருக்கு விற்கப்போகிறோம் என்று பெயர், முகவரியோடு முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 45 நாள் கழிந்த பிறகே விற்கலாம். ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைக்கக்கூடாது என்பதும் அப்போது வந்ததே. 2019-ல் அது இரண்டானது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

வணிகர் வழியாகப் போனாலும் வேலை குறையாது. குழலில் பொறித்த எண்ணை எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் 3-ஐ 8 என்று படித்துவிட்டால், விற்பவர் உரிமம், வணிகர் பதிவேடு, வாங்குபவர் உரிமம் மூன்றும் ஒத்துப்போகாது. திருத்தம் கேட்டு மறுபடி குடப்பனக்குன்று ஆட்சியர் அலுவலகப் படி ஏற வேண்டும். அதற்குள் வாங்குபவரின் உரிமத்தில் குறித்த கொள்முதல் கெடு கரைந்துகொண்டிருக்கும்.

துப்பாக்கி தவறான கையில் சேரக்கூடாது. அதற்காக 45 நாள் காத்திருப்பது நியாயம்தான். அந்த நாட்கள் அதிகாரி விசாரித்து முடிப்பதற்காகத் தரப்பட்டவை. ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்லட்டும். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதித் தரட்டும். அந்த ஒரு வரி வராதவரை விற்பவருக்கும் துணிவு வராது, வணிகரும் பொறுப்பேற்கத் தயங்குவார். சட்டம் குடிமகனுக்கு விதித்த தவணை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கட்ட வேண்டும். அதுவரை துப்பாக்கி பழைய வீட்டு அலமாரியிலேயே கிடக்கும். மரச்சீனிப் பாத்தியில் பன்றி தோண்டிக்கொண்டே இருக்கும்.