ரொட்டிப் பூஞ்சையும் மரபணுவின் வேலையும்

பூஞ்சைகளால் அறிவியல் பெற்ற நன்மை என்றதும் பேச்சு பெனிசிலினில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பெனிசிலின் பூஞ்சை தந்த பொருள். அதனினும் பெரிய உதவி, மரபணு என்ன செய்கிறது என்ற கேள்வியை ஆய்வகத்தில் கேட்க வழி திறந்தது. அந்த வழி பூஞ்சையின் வாழ்க்கை முறையிலேயே இருந்தது.

ஜார்ஜ் பீடில் 1930களில் போரிஸ் எஃப்ருஸ்ஸியோடு பழ ஈயின் கண் நிறத்தை ஆராய்ந்தார். நிறம் மாறிய ஈ கையில் இருந்தது; அதில் தடைப்பட்ட வேதிவினை எது என்று கண்டறிவதில்தான் ஆண்டுகள் கழிந்தன. ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் டேட்டமுடன் சேர்ந்தபின் தேடலைத் தலைகீழாக்கினார். வேதியியல் தெரிந்த ஒரு பொருளை முதலில் வைத்துக்கொண்டு, அதை ஆக்க முடியாத உயிரைத் தேடுவது என்று முடிவாயிற்று. ரொட்டியில் ஆரஞ்சு நிறமாகப் படியும் நியூரோஸ்போரா இதற்கு வாய்த்தது. சர்க்கரை, சில உப்புகள், பயோட்டின் என்ற ஒரே வைட்டமின் போதும். மற்றவற்றை அது தானே ஆக்கிக்கொள்ளும். அதன் இழைகளில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாகவே இருப்பதால், பழுதான மரபணுவை மறைத்துவைக்க நல்ல இணையும் கிடையாது. எக்ஸ் கதிர் பட்ட பூஞ்சையின் வழிவந்த வித்துகளைத் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். 299ஆம் வளர்ப்பு வைட்டமின் பி6 ஊட்டினாலன்றி வளரவில்லை. அதை இயல்பான பூஞ்சையோடு கலந்தபோது, ஒரே பைக்குள் வரிசையாக அமையும் எட்டு வித்துகளில் நான்கு தாமே வளர்ந்தன, நான்குக்கு வைட்டமின் தேவைப்பட்டது. பழுது ஒரே மரபணுவில்தான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 1941இல் வெளியான இந்த ஆய்வு 1958இல் நோபல் பரிசு பெற்றது. இதிலிருந்து எழுந்த 'ஒரு மரபணு, ஒரு நொதி' என்ற வாய்பாடு பின்னர் திருத்தம் கண்டது உண்மைதான். ஆய்வு முறை நிலைத்துவிட்டது.

இன்னும் வேகமாகப் பெருகும் பாக்டீரியா இதற்குப் போதாதா என்று கேட்கலாம். டேட்டமே பிற்பாடு லெடர்பெர்க்குடன் அதன் பக்கம் போனார். ஆனால் பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை. உட்கரு உள்ள செல் பிரியும் வேளையை எது தீர்மானிக்கிறது என்பதை லீலண்ட் ஹார்ட்வெல் ஈஸ்ட் என்ற பூஞ்சையில்தான் தேடினார். பிரிவதற்கு இன்றியமையாத மரபணு முற்றும் கெட்டால் ஆராய உயிரே மிஞ்சாது. அதனால் வெப்பம் கூடினால் மட்டும் பழுது காட்டும் திரிபுகளை அவர் பொறுக்கி எடுத்தார்.

ஈஸ்டில் கண்டது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். இதற்கு வாதத்தால் அல்ல, சோதனையால் பதில் கிடைத்தது. 1987இல் மெலனி லீயும் பால் நர்ஸும், பிரிய முடியாமல் நின்ற ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்தினர். அவற்றில் ஒன்று குறையை ஈடுசெய்ய, ஈஸ்ட் மறுபடி பிரிந்தது. பரிணாமத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் விலகிநிற்கும் இரு உயிர்களுக்கு நடுவே ஒரே கருவி!

நரம்பைப் பற்றியோ திசுக்களின் அமைப்பைப் பற்றியோ ஈஸ்ட் அதிகம் சொல்லாது. அங்கே எலியும் மீனும் வேண்டும். எனினும் விலங்கில் கண்டது விலங்கிலேயே விளங்கிவிடும் என்றும் கொள்ள வேண்டியதில்லை. செல் தன் உறுப்புகளைத் தானே செரித்து மறுபயன் கொள்வதை விலங்குத் திசுக்களில் 1960களிலேயே கண்டிருந்தார்கள். அதை நடத்தும் மரபணுக்கள் யோஷினோரி ஒசூமி ஈஸ்டைப் பட்டினி போட்டுத் திரிபுகளைத் தேடிய 1990கள் வரை பிடிபடவில்லை.