தேங்காப்பட்டணக் கடற்கரை

மார்த்தாண்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு விடுமுறை நாளில் கடற்கரை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இடங்களுள் ஒன்று தேங்காப்பட்டணம். புதுக்கடை வழியே தெற்கு நோக்கி இறங்கும் சாலையில் தென்னந்தோப்புகள் நெருங்கத் தொடங்கியதுமே பிள்ளைகளின் ஆரவாரம் கூடிவிடும். ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல், இடையே மணல். பெண்களும் முதியோரும் அச்சமின்றி அமர்ந்து காற்று வாங்கத்தக்க இடம் என்பது அக்கரைக்கு நாம் வழங்கியுள்ள நற்பெயர். அப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் நலம்.

தேங்காப்பட்டணம் இன்பச் செலவுக்காகத் தோன்றிய ஊரன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, திருவட்டாற்றையும் குழித்துறையையும் தழுவி வரும் தாமிரபரணி இங்கேதான் அரபிக் கடலில் கலக்கிறது. நெல்லைச் சீமையின் பொருநை வேறு, இது வேறு. ஆறும் கடலும் கூடும் பொழிமுகமே இவ்வூரை வணிகத் துறையாக்கியது. அரபு நாட்டு வணிகரோடு இக்கரைக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஊரின் பெரிய பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் குழுவினரின் வருகையோடு இணைத்துப் பேசும் மரபு இன்றளவும் நிலவுகிறது.

திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க விரும்பி, 1860-ஐ ஒட்டி ஆனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் வெட்டத் தொடங்கினர். கன்னியாகுமரி வரை அது நிறைவு பெறவில்லை. ஆயினும் பூவாற்றிலிருந்து மண்டைக்காடு வரையிலான பகுதி இக்கடலோரத்தை ஒட்டியே செல்கிறது. கடல் இருக்கையில் கரையை ஒட்டி ஏன் இன்னொரு நீர்வழி? எல்லாக் காலத்திலும் நம்பிச் செல்லத்தக்க கடலன்று இது என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பதே விடையாகும்.

கடற்கரைக்கு இளைப்பாறச் செல்லும் இன்றைய வழக்கமோ மிகப் பிந்தியது. நம் பண்டை இலக்கணத்தார் நெய்தல் நிலத்துக்கு உரிய பொருளாக 'இரங்கல்' என்பதையே வகுத்தனர். கடலுக்குச் சென்றவன் திரும்பும்வரை ஏங்கிக் காத்திருக்கும் இடமாகவே கரை கருதப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல் கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்த பின்னரே பிரைட்டன் போன்ற ஊர்கள் செல்வர் கூடும் இடங்களாயின. சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவுசாலை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். நமக்கு அண்மையிலுள்ள கோவளத்தில் 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் மாளிகை எழுப்பினர். பாறை முனைகளுக்கு இடையே வளைந்து கிடப்பதால் கோவளக் கரைக்கு ஓரளவேனும் இயற்கை அரண் உண்டு. தேங்காப்பட்டணத்துக்கு அத்தகைய அரண் இல்லை; அது திறந்த கடலை நேர்முகமாய்ப் பார்த்திருப்பது.

இங்கே அமைதியாயிருப்பது ஆற்றின் உட்பகுதியே. அதன் தோற்றத்தைக் கண்டு கடலையும் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது இக்கடல் பொங்கி ஊருக்குள் புகுவதை இக்கரை மக்கள் பலமுறை கண்டுள்ளனர். பொழிமுகத்தில் துறைமுகமும் அலைதடுப்புச் சுவர்களும் எழுந்த பின்னும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து, மீனவர் பலர் உயிரிழந்தனர். ஆற்றுக்கு அக்கரையில் தொடங்கும் தூத்தூர்க் கடலோரச் சிற்றூர்கள் 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் இழந்த உயிர்கள் எத்தனை! கடலிலேயே பிறந்து வளர்ந்தோருக்கே இந்நிலை என்றால், ஒரு மாலைப்பொழுதுக்காக வந்து செல்லும் நம் நிலை என்ன?

காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளிலும் திடீரெனப் பேரலை எழுவதுண்டு. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் கரையை வந்தடைவதே காரணம். திருடனைப்போல் ஓசையின்றி வருவதால் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர் மீனவர். அவர்கள் இட்ட பெயரையே இன்று அறிவியலாரும் ஏற்றுக்கொண்டு வழங்குகின்றனர். 2024 மே 6 அன்று இம்மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவரை அலை கொண்டுபோயிற்று. அதே நாட்களில் தேங்காப்பட்டணத்தில் கரையில் நின்ற ஒரு சிறுமியும் அலைக்கு இரையானாள். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் உயிர்கள் போயின என்பதே நெஞ்சைச் சுடுகிறது.

இவ்வூரில் 1944-இல் பிறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988-இல் நூலாக்கியவரும், 'சாய்வு நாற்காலி'க்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. இக்கரை மனிதர் வாழும் இடம், வெறும் காட்சியன்று என்பதை அவர் எழுத்து நமக்கு உணர்த்திற்று. நாம் அங்குச் செல்லும்போதும் அந்நினைவு வேண்டும்.

ஆகவே கடற்கரைக்குச் செல்லாதீர் என்பதன்று நம் கருத்து. பிள்ளைகள் கடலைக் காணட்டும். பெரியோர் காற்று வாங்கட்டும். ஆனால் இறங்குமுன் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் ஒரு மீனவரிடம், 'இன்று கடல் எப்படி?' என்று ஒரு சொல் கேளுங்கள். பொழிமுகத்தருகே எவரையும் இறங்க விடாதீர்கள். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் அடங்கித் தோன்றும் நீரை நம்பாதீர்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். அதில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுவதே தப்பும் வழி. கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் மணலில் நிற்பதும் கூடாது.

நூற்றாண்டுகளாக உயிர்களை விலையாகக் கொடுத்து இக்கரையோர் சேர்த்த அறிவு அது. கேட்போர்க்கு அவர்கள் அதை இலவசமாகவே தருகின்றனர்.